தவறணை மண்ணைப் படித்தால் தொழில் கைக்கு வரும்

காலைப் பிரட்டில் "இன்றைக்குத் தவறணைக்குப் போ" என்று சொன்னால் பலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. கன்று வளர்க்கும் அந்த இடத்தில் மண்ணைச் சலிப்பது, பையில் நிரப்புவது, அடுக்குவது, இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று நினைக்கிறார்கள். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத் தோட்டங்களில் வேலை தேடும் இளைஞர்களுக்கும், ஏற்கெனவே தவறணையில் வேலை செய்யும் அக்காமாருக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: தவறணையில் மிகவும் நுணுக்கமான வேலை அந்த மண் வேலையே. அதைப் படித்தவருக்குத் தோட்டத்துக்குள்ளும் வெளியிலும் வேலை உண்டு.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நான்கடிக்கு இரண்டடி இடைவெளியில் நட்டால் ஓர் ஏக்கருக்கு 5,445 தேயிலைக் கன்றுகள் வேண்டும். நட்ட செடி ஐம்பது வருடத்துக்கு மேலும் கொழுந்து தரும். அத்தனை செடிகளும் முதல் வேர் விடுவது நீங்கள் நிரப்பும் பைக்குள்தான். பையில் வேர் அழுகிய கன்றையும் வேர் சுருண்ட கன்றையும் மலையில் நட்டபிறகு எவ்வளவு பசளை போட்டும் தேற்ற முடியாது. ஆகவே பை மண்ணில் விட்ட பிழைக்குத் தோட்டம் பல வருடம் விலை கொடுக்கிறது.

விதையிலிருந்து துண்டுக்கு

மலைநாட்டில் தவறணைக்கு நீண்ட வரலாறு உண்டு. இன்று பூங்காவாக நாம் சுற்றிப் பார்க்கும் ஹக்கலை, 1861இல் சிங்கோனா மரம் வளர்ப்பதற்காகத் தொடங்கப்பட்ட இடம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அந்தக் காலத்துத் தேயிலை விதையில் முளைத்தது. விதைக்குள் முதல் சில வாரத்துக்கான உணவு இருக்கும். மண் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் தாங்கிக்கொள்ளும்.

இப்போது நாம் தாய்ச்செடியில் வெட்டிய துண்டிலிருந்து வளர்த்து நடும் வீ.பி. தேயிலை அப்படியல்ல. ஒரேயோர் இலையும் அதன் கீழே ஓரங்குலத்துக்குச் சற்றுக் கூடிய தண்டும்தான் அதன் சொத்து. வேர் இல்லை, சேமித்த உணவும் பெரிதாக இல்லை. அந்தத் துண்டு வேர்விட்டுக் கன்றாகி மலைக்குப் போக எட்டு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். அவ்வளவு காலமும் தாய்மடியாக இருப்பது பை மண். தலவாக்கலை சென். கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் வெளியிட்ட டி.ஆர்.ஐ. 2025 போன்ற நல்ல இனங்களின் துண்டாக இருந்தாலும், மண் சரியில்லை என்றால் இனத்தின் பெருமை எடுபடாது.

மலை மண்ணும் பை மண்ணும் ஒன்றல்ல

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். மலையில் நன்றாகச் செடி வளரும் மண்ணை அப்படியே பையில் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். மலையில் மழைநீர் ஆழத்துக்கு இறங்கிப் போக வழி உண்டு. வேரும் தேடிக்கொண்டு போகும். பையில் நீரும் வேரும் போகக்கூடிய தூரம் ஒரு சாண். நீர் கீழே வடிந்து வந்து அடியில் ஒரு பட்டையாகத் தேங்கி நிற்கும். பை எவ்வளவு குட்டையோ, அந்த ஈரப்பட்டை அவ்வளவு பெரிய பங்கை அடைத்துக்கொள்ளும்.

"அடியில் கல் போட்டால் வடியும்" என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. நெருக்கமான மண்ணிலிருந்து பெரிய கல்லின் இடைவெளிக்குள் நீர் எளிதில் இறங்காது. ஈரப்பட்டை கல்லுக்கு மேலே ஏறி நிற்கும். வேருக்குக் கிடைக்கும் இடம் இன்னும் குறையும். வடிகால் வேண்டுமானால் முழுக் கலவையையும் திருத்த வேண்டும். பையின் துவாரங்கள் திறந்திருக்க வேண்டும். இப்படிப் பைக்கென்று ஆயத்தப்படுத்திய மண்ணைத்தான் விவசாயப் பாடத்தில் வளர்ப்பு ஊடகம் என்கிறார்கள்.

நான்கு குணங்கள், நான்கு சோதனைகள்

ஊடகம் நல்லதா என்று கேட்டால் "கறுப்பாக இருக்கிறது, நல்லதுதான்" என்று பதில் சொல்லாதீர்கள். கீழேயுள்ள நான்கையும் சோதித்துப் பதில் சொல்லுங்கள். நேர்முகத் தேர்விலும் இது உங்களைத் தனித்துக் காட்டும்.

முதலாவது, காற்றும் நீரும். வேரும் மூச்சு விடுகிறது. தென்மேல் பருவமழை ஹட்டன் பக்கம் விடாமல் பெய்யும் மாதங்களில் துண்டுகள் சாவதற்குப் பெரிய காரணம் நீர்க்குறை அல்ல, காற்றுக்குறை. சோதிக்கும் விதம் இது: ஒரு லீற்றர் கொள்ளும் பாத்திரத்தின் அடியில் துளைகள் இட்டு அவற்றை நாடாவால் மூடுங்கள். பையில் நிரப்புவது போலவே ஊடகத்தை நிரப்புங்கள். மேற்பரப்பில் நீர் மின்னும் வரை மெதுவாக ஊற்றிச் சற்று நேரம் ஊறவிட்டு, குறைந்தால் மீண்டும் ஊற்றுங்கள். பிறகு கீழே பேசின் வைத்து நாடாவை எடுங்கள். சொட்டு நின்றதும் வடிந்த நீரை அளவிடுங்கள். 100 முதல் 200 மில்லிலீற்றர் வடிந்தால் காற்றுக்கான இடம் 10 முதல் 20 சதவீதம். தவறணைக்கு நல்ல அளவு. 100க்குக் குறைந்தால் மண் கனம், மழைக்காலத்தில் அழுகும். 300ஐத் தாண்டினால் வெயில் நாளில் ஒரு நேரம் தண்ணீர் தப்பினாலே வாடிவிடும்.

இரண்டாவது, பீ.எச். என்னும் புளிப்பு அளவு. தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடி, 4.5 முதல் 5.5 வரை அதற்கு ஏற்றது. அளவு அதற்கு மேலே ஏறினால் துண்டின் வெட்டுவாயில் தழும்புத் திசு கட்டியாகப் பெருத்துக்கொண்டே போகும், வேர் வராது. மேலே இலை பச்சையாக இருப்பதால் எல்லாம் நன்றாக இருப்பதாகவே தோன்றும். மெல்ல ஒரு துண்டைப் பிடுங்கிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பீ.எச். ஏணியில் ஒரு படி என்பது பத்து மடங்கு, 5.5 இருக்கும் மண்ணைவிட 4.5 இருக்கும் மண் பத்து மடங்கு புளிப்பு. அதனால் "கொஞ்சம்தானே கூட" என்று விடக்கூடாது. ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு வடித்த நீர் சேர்த்துக் கலக்கி, அரை மணித்தியாலம் வைத்து மானியால் அளவிடுங்கள். கூடுதலாக இருந்தால் கந்தகம் சேர்த்துக் குறைக்கலாம். ஆனால் அது வேலை செய்ய வாரக்கணக்கில் எடுக்கும். நடுவதற்கு முதல் நாள் செய்யும் வைத்தியம் அல்ல.

மூன்றாவது, சத்தைப் பிடித்து வைக்கும் திறனும் உப்பும். களியும் மக்கிய சேதனப் பொருளும் சத்தைப் பிடித்து வைத்து வேருக்குச் சிறிது சிறிதாகக் கொடுக்கும். வெறும் மணல் அப்படிச் செய்யாது, மழையோடு அனுப்பிவிடும். மறுபக்கம், கரைந்த உப்பு கூடினால் வேர் நீரை உறிஞ்ச முடியாமல் இலை நுனி கருகும். இந்த உப்பை மின்கடத்துதிறன் மானி காட்டும். பொலி டனல் பண்ணைகளில் பீ.எச். மானியும் இந்த மானியும் தினமும் கையில் இருக்க வேண்டிய கருவிகள்.

நான்காவது, சுத்தம். மலைநாட்டுத் தேயிலையின் வேரைத் தின்னும் வட்டப்புழு ஒன்று உண்டு. பிராட்டிலெங்கஸ் லூசி என்பது அதன் பெயர். கண்ணுக்குத் தெரியாது. பழைய தேயிலை மலையில் வெட்டிய மண்ணைப் பையில் நிரப்பினால், அந்தப் புழுவையும் சேர்த்து வளர்த்துப் புதிய மலைக்கு நாமே சுமந்துகொண்டு போகிறோம். பழைய தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் ஒன்றரை முதல் இரண்டு வருடம் மானாப் புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்ப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று. புல்லின் வேர் மண்ணின் கட்டமைப்பையும் திருத்துகிறது. பை மண்ணுக்கும் அப்படிப்பட்ட புல் நிலத்து மேல்மண்ணே நல்லது. வெட்டுவதற்கு முன் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

முன்பு மீதைல் புரோமைட்டு வாயு செலுத்தி மண்ணில் தொற்று நீக்கினார்கள். ஓசோன் படலத்தை அரிப்பதால் 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் அது வளர்முக நாடுகளிலும் 2015இல் மண் வேலைக்கு நிறுத்தப்பட்டது. இப்போது நம்பக்கூடிய ஒரு வழி வெப்பம். 60 முதல் 70 பாகை செல்சியசில் அரை மணித்தியாலம் நீராவி போதும். அதிகம் சூடாக்கினால் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, மங்கனீசு போன்றவை கூடுதலாக வெளிப்பட்டுச் செடிக்கே நஞ்சாகும். பொலித்தீன் விரித்து வெயிலில் வேகவைக்கும் முறை பனியும் முகிலும் மூடும் நுவரெலியாவில் முழுப் பலன் தராது. அதை மட்டும் நம்பாதீர்கள்.

கையில் கிடைக்கும் பொருட்கள்

மேல்மண்: தேயிலைத் தவறணையின் அடிப்படை இது. கால் அங்குலச் சல்லடையில் சலியுங்கள். மாவாக அரைபட்ட மண் மழைக்கு இறுகிவிடும்; சிறு குறுணி இருப்பது நல்லது. களி எவ்வளவு என்று அறிய, கண்ணாடிப் போத்தலில் மூன்றிலொரு பங்கு மண் போட்டு நீர் நிரப்பிக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். மணல் உடனே அடியில் படியும், வண்டல் அதன் மேல், களி கடைசியில். மண் எடுக்கும் இடத்திலும் கவனம் தேவை. பாதுகாக்கப்பட்ட காட்டில் மண் வெட்டுவது சட்டப்படி குற்றம். லயத்துக்கு மேலேயுள்ள மண்மேட்டைச் சரித்து எடுப்பது உயிருக்கே ஆபத்து. நுவரெலியா மாவட்டத்து மண்சரிவுகளை நாம் மறக்கக்கூடாது.

மணல்: களி கூடிய மண்ணுக்கு வடிகால் கொடுக்கும். கழுவிய ஆற்று மணலாக இருக்க வேண்டும். கடல் மணல் உப்பும் சிப்பிச் சுண்ணாம்பும் உடையது, வேண்டவே வேண்டாம்.

தும்புச்சோறு: தென்னை முக்கோணப் பகுதியிலிருந்து லொறியில் வருகிறது. இலங்கை இதைக் கட்டிகளாக அழுத்தி உலகெங்கும் ஏற்றுமதி செய்கிறது. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்து, காற்றுக்கும் இடம் விடும். ஆனால் புதிய தும்புச்சோற்றில் சோடியம், பொற்றாசியம், குளோரைட்டு உப்புகள் இருக்கும். இரண்டு மூன்று முறை நல்ல நீரில் கழுவி வடிக்க வேண்டும். பண்ணைகளில் கல்சியம் நைத்திரேற்றுக் கரைசலில் ஊறவைத்தும் எடுப்பார்கள். அதன் காபன், நைதரசன் விகிதம் 100க்கு 1 என்ற அளவில் இருப்பதால், மக்காததை மண்ணில் கலந்தால் செடிக்குரிய நைதரசனை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும், இலை மஞ்சளாகும்.

கூட்டெரு: மரக்கறி நாற்றுக்கு மேல்மண்ணும் கூட்டெருவும் சமபங்கு என்பது நாடறிந்த கலவை. கூட்டெரு முற்றிவிட்டதா என்று மூக்கே சொல்லும். காட்டு மண் வாசம் வந்தால் முற்றியது. அமோனியா நெடியும் சூடும் இருந்தால் இன்னும் வேண்டும். தேயிலைப் பைக்கு இதை அளவோடு பார்க்க வேண்டும். கூட்டெருவின் பீ.எச். பெரும்பாலும் 7ஐ ஒட்டியே இருக்கும், புளிப்பைக் குறைத்துவிடும்.

உமிக்கரியும் சாம்பலும்: கருக்கிய உமி இலேசானது, காற்றோட்டம் தரும், நாற்றுத் தட்டுக்கு நல்லது. அடுப்புச் சாம்பலும் டொலமைட்டும் மரக்கறித் தோட்டத்தில் பயன்படும். வேர்விடும் தேயிலைப் பையில் போடாதீர்கள்.

பேர்லைற்றும் வேர்மிகுலைற்றும்: முதலாவது எரிமலைக் கண்ணாடிக் கல்லையும் மற்றது மைக்கா வகைக் கனிமத்தையும் சூடேற்றிப் பொரியவைத்துச் செய்தவை. பேர்லைற்று காற்றுக்கு, வேர்மிகுலைற்று நீருக்கும் சத்துக்கும். விலை அதிகம், உயர்விலை நாற்றுக்கே கட்டும்.

பயிருக்கு ஏற்ற கலவை

நீலகிரி, வால்பாறைத் தோட்டங்களில் பின்பற்றும் முறை ஒன்றைக் கவனியுங்கள். பையின் கீழ் முக்கால் பங்கில் மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மணல். மேல் கால் பங்கில் அடிமண்ணும் மணலும் சமபங்கு. ஏன் இரண்டு அடுக்கு? வெட்டுவாய் படும் மேற்பகுதியில் சேதனப் பொருள் குறைவாக இருந்தால் பூஞ்சை பிடிக்காது. வேர் இறங்கிய பிறகு கீழே சத்து காத்திருக்கும். காரணத்தைப் புரிந்துகொண்டால் உங்கள் தோட்டத்து மண்ணுக்கு ஏற்ப அளவை நீங்களே யோசித்துச் சொல்ல முடியும்.

அதே மலையில் பொலி டனலில் வளரும் குடைமிளகாய்க்குக் கழுவிய தும்புச்சோறு மட்டுமே நிரப்பிய பை போதும்; 5.5 முதல் 6.5 வரை பீ.எச். வைத்து, சத்து முழுவதையும் சொட்டு நீரோடு கொடுப்பார்கள். ஒரு செடிக்கு அமிர்தமான ஊடகம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. "எந்தப் பயிருக்கு?" என்ற கேள்வியைக் கேட்காமல் கலவை சொல்பவரை நம்பாதீர்கள்.

இன்னொரு பாடம் இங்கிலாந்திலிருந்து. அங்கே ஜோன் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மண்ணில் நாற்றுகள் ஒவ்வொரு விதமாகச் செத்தன. 1930களில் லோரன்சும் நியூவெலும் இதை ஆராய்ந்து, வெப்பத்தால் தொற்று நீக்கிய மண் 7 பங்கு, பீற்று 3, மணல் 2 என்று ஒரு பொதுக் கலவையை நிலைப்படுத்தினார்கள். தொழிலின் அடையாளம் இதுவே: இன்று செய்ததை அடுத்த மாதமும் அதேபோலச் செய்ய முடிய வேண்டும்.

வேலைத் தளத்தில்

நிரப்பும்போது மண் ஈரப்பதமாக இருக்கட்டும், சேறாக வேண்டாம். ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர்ந்தால் சரி. விரலிடுக்கில் நீர் வந்தால் காயவிடுங்கள். பையை நிலத்தில் இரண்டு மூன்று தரம் தட்டினால் போதும். கட்டைவிரலால் குத்தி இறுக்கினால் காற்று போய்விடும். எண்ணிக்கைக்காக அவசரமாக நிரப்பிய பையில் நடுவில் வெற்றிடம் விழும், துண்டு காய்ந்துபோகும்.

கலவையை அளக்க ஒரே வாளியைப் பயன்படுத்துங்கள். சலித்த மண்ணைப் பழைய மண் கிடந்த தரையில் கொட்டாதீர்கள்; தறப்பாள் விரியுங்கள். மண்வெட்டி, வாளி, கால் செருப்புக் கூட நோயைச் சுமந்து வரும்.

உடம்பும் முக்கியம். நாள் முழுவதும் குந்தியிருந்து நிரப்பினால் இடுப்பும் முழங்காலும் போய்விடும். இடுப்பளவு உயரத்தில் ஒரு பலகை மேசை கேளுங்கள், பெரும் செலவில்லை. உலர்ந்த தும்புச்சோறும் பேர்லைற்றும் தூசு கிளப்பும்; முகக்கவசம் போட்டு, முதலில் நீர் தெளியுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை கட்டாயம். இவற்றைக் கேட்பது சலுகை கேட்பதல்ல. மேற்பார்வை செய்பவராக நீங்கள் உயர்ந்தால், உங்கள் கீழ் வேலை செய்யும் பெண்களுக்கு இவற்றை முதலில் செய்து கொடுங்கள்.

சான்றிதழும் வேலையும்

இலங்கையின் தேசிய தொழிற் தகைமை ஏழு படிகளைக் கொண்டது. தாவரத் தவறணைத் தொழிலும் அதில் அடங்கும். தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையத்துக்குப் போய் விசாரியுங்கள். பல வருடம் தவறணையில் வேலை செய்தும் பள்ளிப் படிப்பு இடையில் நின்றவர்கள் மனம் தளர வேண்டாம். முன் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் வழியும் இந்த முறையில் உண்டு. கையில் செய்து காட்டினால் அதற்கு மதிப்பு.

வேலை எங்கே? பெருந்தோட்டக் கம்பனிகளின் தவறணைகள், சிற்றுடைமையாளருக்குக் கன்று விற்கும் தனியார் தவறணைகள், நுவரெலியா, கந்தப்பளைப் பக்கத்து மரக்கறி நாற்றுப் பண்ணைகள், பொலி டனல்கள், பூச்செடி வளர்ப்போர், விதை உருளைக்கிழங்கு உற்பத்தி என்று வழிகள் பல. கொஞ்சம் இடமும் நீரும் இருந்தால், சந்தைக்கு வரும் விவசாயிக்குக் கோவா, லீக்ஸ் நாற்று வளர்த்து விற்று வீட்டிலேயே தொடங்கலாம்.

இந்த வழிகள் எல்லாவற்றுக்கும் கூட எடுத்துச் செல்ல வேண்டியது ஒரு கொப்பி. மண் எடுத்த இடம், கலந்த அளவு, பீ.எச்., வடிந்த நீர், நட்ட திகதி, நூறு துண்டில் எத்தனை பிழைத்தன என்று ஒவ்வொரு தொகுதிக்கும் எழுதுங்கள். ஒரு வருடம் எழுதினால், துரைக்கும் உத்தியோகத்தருக்கும் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்: உங்கள் மலையின் மண் எப்படி நடந்துகொள்கிறது என்பது. "எவ்வளவு காலம் வேலை செய்தாய்?" என்று கேட்பவரிடம் அந்தக் கொப்பியை நீட்டுங்கள்.

நம் பாட்டன் பாட்டிமார் இந்த மலைகளை வெறுங்கையால் திருத்தித் தேயிலை நட்டார்கள். அவர்களின் மண் அறிவை யாரும் எழுதிவைக்கவில்லை. அதற்குக் கூலிக்கு மேல் ஒரு மதிப்பும் கிடைக்கவில்லை. நீங்கள் எழுதுங்கள், அளவிடுங்கள், சான்றிதழ் கேளுங்கள். நாளைக் காலையில் தவறணைக்குப் போகச் சொன்னால், ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு போங்கள்.